மலைக்கு அந்தப் பக்கம் போய் வந்தோம்: செங்கோட்டை மக்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெரு மாலை வகுப்புப் பிள்ளைகள் 38 பேரும் போன ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையைப் பார்த்துவிட்டு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார்கள். பேசி வைத்திருந்த பஸ் கிடையாது என்று இரண்டு நாளைக்கு முன்னால் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரத்தில் கை கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

வேன் ஸ்டாண்டு அண்ணாச்சி, டீசல் காசு போதும் என்று இரண்டு வேன்களை அனுப்பினீர்கள். புளியரை வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு என்று வழி முழுக்க வளைவுதான். வாந்தி எடுத்த பிள்ளைகளுக்காக ஆறு இடத்தில் வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரக் கொடுத்த ஓட்டுநர் தம்பிகள் இருவரும் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

குற்றாலம் பக்கத்தில் இருக்க, ஏன் அவ்வளவு தூரம் என்று சிலர் கேட்டீர்கள். 1956 நவம்பர் 1 வரை நம் செங்கோட்டை திருவிதாங்கூரோடு, கடைசிச் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு, சேர்ந்திருந்தது. என் தாத்தாவுக்கு அது 'நம்ம ராஜாவோட மிருகசாலை'. சுவாதித் திருநாள் மகாராஜா தன் குதிரை லாயத்தோடு புலி, சிறுத்தை, மான் எல்லாம் வைத்து வளர்த்தவர். அவர் தம்பி உத்திரம் திருநாள் காலத்தில், ஆங்கிலேய ஆட்சியின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த கல்லன் துரையின் முயற்சியும் சேர்ந்து, 1857-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆனால் அதை மட்டும் பார்க்கப் போதிய கூட்டம் வரவில்லை. அதனால்தான் 1859-ல் மிருகக்காட்சிசாலையையும் பூங்காவையும் சேர்த்தார்கள். ராஜாவின் லாயத்தோடு இருந்த புலியை ஊர் சனம் எல்லாம் பார்க்கும்படி ஆனது அப்படித்தான். இன்று நகரத்தின் நடுவில் 55 ஏக்கர், மரநிழலோடு.

இதையெல்லாம் நான் வகுப்பில் சொன்னபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள், அங்கே ஒரு காப்பாளர் சொன்னபோது வாய் பிளந்து கேட்டார்கள். முன்பெல்லாம் இரும்புக் கம்பிக் கூண்டு, சிமென்ட் தரை. அப்புறம்தான் மண்ணும் மரமும் தண்ணீரும் உள்ள திறந்த அடைப்புகளாக மாற்றத் தொடங்கினார்கள் என்றார். அவருடைய மலையாளத்தை வரிக்கு வரி நம் பேச்சில் சொன்னது, தென்மலைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போயிருந்த நம் தெரு அக்கா. அக்கா, நீங்கள் வராவிட்டால் பாதி விஷயம் எங்களுக்குப் புரிந்திருக்காது.

சிங்கவால் குரங்கின் முன்னால்தான் அதிக நேரம் நின்றோம். கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். ஒன்று பழத்தை இரண்டு கையிலும் பிடித்து, தோலை உரித்துக் கீழே போட்டுவிட்டு, எங்களைப் பார்த்தபடியே தின்றது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், இது நம்ம மலையில உள்ளதுல்லா?" என்றாள். ஆமாம், களக்காடு முண்டந்துறைக் காட்டில் இருக்கிறது. மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, மலை தாண்டிப் போய் அதை முதன்முதலாகப் பார்க்கிறாள் என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கூட்டிப் போனது சரி என்றே நினைக்கிறேன். வண்டி ஏறும்வரை அவள் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

நுழைவுச் சீட்டுக் காசு முழுவதையும் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து புளியோதரையும் தேங்காய்த் துவையலும் கட்டிக் கொடுத்த ஆச்சிமார்களே, நீர்யானைக் குளம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. உங்கள் தூக்குவாளிகள் ஐந்தும் கழுவி, எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. எடுக்க வரும்போது உள்ளே வந்து, பிள்ளைகள் வரைந்த படங்களையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
மாலை வகுப்பு டீச்சர்