என் மகளுக்குப் பள்ளியில் துணை நின்ற எல்லோருக்கும்

வலிப்பு உள்ள பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்துவிட முடியும் என்று யாராவது கேட்டால், இனி உங்களைத்தான் கைகாட்டுவேன்.

முதல் நன்றி வகுப்பாசிரியைக்கு. பாடத்தின் நடுவே என் மகள் சில விநாடிகள் நிலைகுத்திப் பார்ப்பதையும், கூப்பிட்டாலும் திரும்பாததையும், அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் எழுதத் தொடங்குவதையும் கவனித்தது நீங்கள்தான். பராக்குப் பார்க்கிறாள் என்று அதட்டவில்லை. தேதி, நேரம் போட்டுக் குறித்துக் கொடுத்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் மருத்துவர் ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) எடுக்கச் சொன்னார். கீழே விழாமல், கைகால் வெட்டாமல் வரும் இந்த வகை வலிப்பு ஒரே நாளில் பல முறை வரலாம். ஒவ்வொரு முறையும் பாடத்தில் ஒரு துண்டு அவள் காதில் விழாமலே போய்விடும்.

விட்டுப்போன அந்தத் துண்டுகளை அவளிடம் சேர்க்க நீங்கள் எடுத்த சிரத்தை பெரிது. வாயால் சொன்ன வீட்டுப்பாடத்தைப் பலகையிலும் எழுதினீர்கள். பாடக் குறிப்பை முன்கூட்டியே கொடுத்தீர்கள். மருந்தின் அளவைக் கூட்டிய வாரங்களில் அவளுக்கு ஒரே தூக்கக் கலக்கம். நேற்று ஒப்பித்த வாய்ப்பாடு இன்று மறந்துபோகும். அதைச் சோம்பல் என்று உங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

தேர்வில் கூடுதல் நேரமும் நடுவில் ஓய்வும் கிடைக்கச் செய்த தலைமையாசிரியருக்கு நன்றி. இதைச் சலுகை என்பவர்கள் உண்டு, நான் ஏற்கமாட்டேன். கேள்வித்தாள் எல்லோருக்கும் உள்ளதுதான், பதில் எழுதுவதும் அவளேதான்.

பள்ளிச் செவிலியர் எழுதி ஒட்டிய ஒரு பக்கத் தாள் வகுப்புக்கே மனப்பாடம்: ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, அழுத்திப் பிடிக்காதே, கடிகாரத்தைப் பார், 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. கைகால் வெட்டும் பெரிய வலிப்பு அவளுக்கு வந்த அன்று பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். ஒருத்தி தன் ஸ்வெட்டரை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தாளாம். மறுநாள் யாரும் என் மகளை வேடிக்கை பார்க்கவில்லை, நோட்டைத்தான் நீட்டினார்கள். தங்கங்களே, உங்களுக்கு என்ன சொல்வேன்!

உடற்பயிற்சி ஆசிரியருக்கும் நன்றி. ஓரமாக உட்கார் என்று சொல்லாமல் எல்லா விளையாட்டிலும் சேர்த்துக்கொண்டீர்கள். நீச்சல் வகுப்பில் அவளை மட்டும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்தினீர்கள்.

அடுத்த வகுப்பாசிரியர் பள்ளி திறக்கும் முன்பே எங்களை அழைத்துப் பேசி, இந்தக் குறிப்புகளையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கும் இப்போதே என் நன்றி.