'ஏகமனதாக' என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபையானாலும், வேறு எந்தக் குழுக் கூட்டமானாலும் நடவடிக்கைக் குறிப்பில் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும் சொல் 'ஏகமனதாக'. வாயே திறக்காதவர், விளங்காமல் தலையாட்டியவர், பாதியில் எழுந்து போனவர் எல்லாரும் அதற்குள் அடக்கம். தலைப்பில்லாத தாளில் வருகைக்காகப் போட்ட கையெழுத்து பிறகு சம்மதக் கையெழுத்தாகிவிடும் ஆபத்தும் உண்டு.

எண்ணூர், மணலி பக்கம் ஆலை வருவதென்றால் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு, மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை தெளிவான முறை வகுத்திருக்கிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு. திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில். கூட்டம் முழுவதும் வீடியோ பதிவு. முடிவில் குறிப்பை அங்கேயே எல்லாருக்கும் வாசித்து, உள்ளூர் மொழியில் விளக்கி, அன்றே அதிகாரிகள் கையெழுத்திட வேண்டும். ஓட்டெடுப்பு கிடையாது, சொன்ன ஆட்சேபமும் அதற்கு நிறுவனம் தந்த பதிலும்தான் பதிவாகும். நடைமுறையில் எவ்வளவு ஓட்டை இருந்தாலும் முறை நல்ல முறை. தொழிற்சாலைக்கு இவ்வளவு என்றால், நம் தெரு வடிகாலைப் பற்றிப் பேசும் பகுதி சபைக்கு இதில் பாதியாவது வேண்டாமா?

பொருள் நிரலை ஏழு நாள் முன்பே ரேஷன் கடைச் சுவரிலும் மாநகராட்சிப் பள்ளி வாசலிலும் ஒட்டலாம். 'மழைநீர் வடிகால் குறித்து' என்று மொட்டையாகப் போட்டால் பயனில்லை. எந்தத் தெரு, எத்தனை மீட்டர், அகலம், ஆழம், எந்தக் கால்வாயில் விழுகிறது, மதிப்பீடு எவ்வளவு என்று இருக்க வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாயில் விழும் வடிகால் என்றால், கடல் ஏற்றத்தில் தண்ணீர் எதிர்த்து வருமே என்ற கேள்வி அந்தத் தெருக்காரருக்குத்தான் முதலில் தோன்றும். விவரத்தைக் கூட்டத்தில் வைத்துத்தான் காட்டுவோம் என்றால் அவர் எப்போது யோசிப்பார்? நேரமும் முக்கியம். ஞாயிறு காலை வைத்தால் காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் வரவே முடியாது. அவர்களுக்கு அதுதான் வியாபார நாள்.

தீர்மானத்தை வாசித்ததும் 'எல்லாருக்கும் சம்மதம்தானே?' என்று கேட்பதை விடவேண்டும். அந்தக் கேள்விக்குக் கைதட்டல்தான் பதிலாக வரும். 'ஏற்க முடியாதவர் யார், என்ன காரணம்?' என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். 'பிடிக்கவில்லை, ஆனால் குறுக்கே நிற்கமாட்டேன்' என்பவர் வேறு, 'இது என் வீட்டுக்குள் தண்ணீர் விடும்' என்பவர் வேறு. இரண்டாமவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, தீர்மானத்தைத் திருத்திப் பார்க்க வேண்டும். திருத்தியும் ஒத்துவராவிட்டால் கை தூக்கச் சொல்லி, ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என எண்ணைப் பதியலாம். இதனால் கூட்டம் அரை மணி நேரம் நீளும். போட்ட வடிகாலை உடைத்து மறுபடி போட ஆகும் நாளைவிட அது குறைவுதான்.

குழுக்களின் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்தவையா, குறிப்புகள் பார்க்கக் கிடைக்குமா என்பதை ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(ஆ). இதற்காக யாரும் மனுப் போட்டு 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை. தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர் மண்டல அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையில் கடைசிப் பகுதி சபைக் கூட்டங்களின் குறிப்பை, ஆட்சேபங்களோடு சேர்த்து, ஒட்டச் சொல்லி மாநகராட்சி ஆணையர் ஒரு சுற்றறிக்கை அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

– வாசகர்கள், பழைய வண்ணாரப்பேட்டை