கரையிலேயே வேண்டாம் என்று சொல்வது அட்டவணைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் உங்கள் பத்திரிகையில் சுழியோடுதல் பற்றி வந்த கட்டுரையில், கையில் டைவ் கொம்பியூட்டர் கட்டுகிற இந்தக் காலத்தில், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று சொல்லும் பழைய அட்டவணைகள் எதற்கு என்று கேட்டிருந்தார்கள். நிலாவெளியில் உல்லாசப் பயணிகளைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போவது என் தொழில். அவர்களைப் பொறுத்தவரை கட்டுரையோடு எனக்குச் சண்டை இல்லை. கடலட்டை பிடிக்கிற படகில் ஒரு நாள் போய்வந்த பிறகும் கட்டுரையாளர் அப்படித்தான் எழுதுவாரா என்பதுதான் என் கேள்வி.

பயணிகளோடு இறங்கும்போது ஒரே ஆழத்தில் நிற்பதில்லை. பாறையின் அடியில் 18 மீற்றரில் கொஞ்ச நேரம், பிறகு 12, கடைசியில் 6 மீற்றரில் மீன் பார்த்துக்கொண்டு மெதுவாக வருவோம். அட்டவணைக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. முழு நேரமும் ஆகக் கூடிய ஆழத்திலேயே கிடந்ததாகக் கணக்கெடுத்து, நமக்கு உரிய நேரத்தையும் வெட்டிவிடும். கொம்பியூட்டர் சில செக்கனுக்கு ஒரு தடவை ஆழத்தை அளந்து, மூச்சுக்காற்றிலிருந்து உடம்பில் எவ்வளவு நைதரசன் ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 1908இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து முதல் அட்டவணையைத் தந்தபோது, நைதரசன் ஏறி இறங்கும் வேகத்தைப் பொறுத்து உடம்பை 5 பகுதிகளாகத்தான் பிரித்தார். பிறகு சூரிச்சில் பூல்மன் என்ற மருத்துவர் உருவாக்கிய, இன்று பல கொம்பியூட்டர்களில் ஓடுகிற கணக்கில் 16 பகுதிகள் உண்டு. அவசரப்பட்டு மேலே வந்தால் கொம்பியூட்டர் கத்தி எச்சரிக்கவும் செய்யும். நானும் கொம்பியூட்டர் இல்லாமல் இறங்குவதில்லை.

ஆனால் கடலட்டைக்காரரின் நாள் வேறு மாதிரி. அவர் அட்டை கிடக்கிற தரைக்கு நேரே இறங்கி, காற்றுச் சிலிண்டர் முடியும் வரை அங்கேயே நின்று பொறுக்கிவிட்டு மேலே வருவார். சிலிண்டரை மாற்றிக்கொண்டு திரும்ப இறங்குவார். ஏற்ற இறக்கம் இல்லாத இறக்கம் அது. அட்டவணை போட்டவர்கள் மனதில் வைத்திருந்ததும் இதே மாதிரி இறக்கத்தைத்தான்.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்கக் கடற்படையின் 1957ஆம் ஆண்டு அட்டவணைப்படி 60 அடியில், அதாவது 18 மீற்றரில், 60 நிமிடம் நிற்கலாம், இடையில் எங்கும் தங்காமல் மேலே வரலாம். முதல் சிலிண்டரில் 40 நிமிடம் நின்றார் என்று வையுங்கள். மேலே வந்து ஒரு மணி நேரம் இளைப்பாறினாலும், அடுத்த இறக்கத்தில் கீழே 36 நிமிடம் ஏற்கெனவே நின்றுவிட்டதாகவே அட்டவணை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 24 நிமிடம். முழுச் சிலிண்டரையும் முடித்துவிட்டு நேரே மேலே வர முடியாது. இளைப்பாறாமல் பத்து நிமிடத்துக்குள் திரும்ப இறங்கினால் இரண்டையும் ஒரே இறக்கமாகக் கூட்டி 80 நிமிடம் ஆக்கிவிடும். அப்போது மேலே வரும் வழியில் 10 அடியில் 7 நிமிடம் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்றாவது சிலிண்டரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கணக்கை முதல் நாள் இரவே வீட்டில் குந்தியிருந்து போட்டுப் பார்க்கலாம். எத்தனை சிலிண்டர் ஏற்றுவது என்பதையும் அப்போதே முடிவு செய்யலாம். கொம்பியூட்டரிலும் திட்டமிடும் வசதி உண்டு. அதை அழுத்திப் பார்க்கிற ஆளை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். பெரும்பாலும் அது கீழே போன பிறகுதான் பேசத் தொடங்கும். அதற்குள் எண்ணெய்க் காசு செலவாகியிருக்கும், படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி மேலே காத்துக்கொண்டிருப்பார், கண்ணுக்கு முன்னால் அட்டை கிடக்கும். கத்துகிற சத்தத்தை யார் கேட்பார்கள்?

இன்னொன்று, ஒரே கொம்பியூட்டரை இரண்டு பேர் மாறி மாறிக் கட்டிக்கொண்டு இறங்குவதை நானே கண்டிருக்கிறேன். காலையில் ஒருவரோடு போய்வந்த கருவி, மத்தியானம் மற்றவர் உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எப்படிச் சொல்லும்? விலையைப் பார்த்தால் ஆளுக்கொன்று வாங்கு என்றும் சொல்ல வாய் வரவில்லை.

மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்கும் இதே கதைதான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு எல்லை 40 மீற்றர். “கொம்பியூட்டர் இருக்கிறதே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம்” என்று கேட்கிறவர்களுக்கு நான் அட்டவணையில் அந்த ஆழத்துக்குரிய வரியைக் காட்டுவேன்: வழியில் தங்காமல் மேலே வர வேண்டுமானால் 5 நிமிடம், இறங்கும் நேரமும் அதற்குள்தான். அதோடு பேச்சு நின்றுவிடும்.

அட்டவணையைத் தப்பாக வாசித்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கரையோரத்தில் பலர் தப்பாக வாசிக்கக்கூட ஒன்று இல்லாமல் இறங்குகிறார்கள். மேலே வந்து தோள் வலித்தால் வாதம் என்று எண்ணெய் தடவுகிறார்கள். கால் மரத்துப்போய், சிறுநீர் போகாமல் நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரி. உடம்பில் ஏறிய நைதரசன் குமிழியாவதால் வரும் இது, உடனே ஒட்சிசன் கொடுத்து, தாமதிக்காமல் அழுத்த அறைக்குக் கொண்டுபோக வேண்டிய நோய்.

கடலட்டை பிடிக்க அனுமதிப்பத்திரம் கொடுக்கிற கடற்றொழில் திணைக்களத்திடம் ஒரு கோரிக்கை. பத்திரத்தோடு, தண்ணீரில் நனைந்தாலும் கெடாத அட்டை ஒன்றில் இந்த அட்டவணையைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துக் கொடுங்கள். வாசிக்கிற விதத்தை அரை நாளில் சொல்லிக்கொடுக்கலாம். ஆழத்தை மீற்றரில் மட்டும் போடாமல், ஆறு அடி கொண்ட பாகக் கணக்கிலும் போடுங்கள். 18 மீற்றர் என்றால் யோசிக்கிற எங்கள் ஆட்களுக்குப் பத்துப் பாகம் என்றால் உடனே விளங்கும். சம்மாட்டிமாருக்கும் ஆளுக்கொரு பிரதி போகட்டும், சிலிண்டர் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறவர்கள் அவர்கள்தானே.

இப்படிக்கு,
சுழியோடி வழிகாட்டி ஒருவர்,
நிலாவெளி.