பூட்டிய முகப்புகளில் புத்தகம் பேசலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நிகழ்ச்சிப் பட்டியலில் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து இலக்கிய விழாக்களைத் தவறாமல் பார்த்து வருகிறேன். அவை வேண்டும். 1917இல் இந்து மதாபிமான சங்கம் தோன்றி, 1919இல் பாரதியாரை வரவேற்ற ஊர் எங்கள் காரைக்குடி, 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தை நிறுவியதும் இங்கேதான். ஆனால் மேடையில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கலையும் கூட்டத்தால் மட்டும் வாசிப்புப் பழக்கம் வளராது என்பது என் உறுதியான கருத்து. பத்துப் பேர் ஒரே நூலைப் படித்துவிட்டு, ஒருவர் வீட்டில் கூடி, எல்லோரும் வாய் திறந்து பேசும் கூட்டங்கள் செட்டிநாட்டின் ஒவ்வோர் ஊரிலும் நடக்க வேண்டும்.

அலுவலக நண்பர்களையும் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு இப்படியொரு கூட்டத்தை நாங்கள் நடத்தி வருகிறோம். பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை எதுவும் கிடையாது. அந்தந்த மாதம் யார் வீட்டில் கூடுகிறோமோ, அவரே நூலிலிருந்து ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்து, ஒரு கேள்வியை முன்வைத்துப் பேச்சைத் தொடங்கி வைப்பார். உடன் பணிபுரிவோர் கூடும் இடத்தில் ஒரு தொல்லை உண்டு. மேலதிகாரி ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால், அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் 'சார் சொல்வது சரிதான்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதனால் வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில்தான் பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இந்த ஓர் ஏற்பாட்டுக்குப் பிறகுதான், அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் நூலில் தமக்குப் பிடிக்காததையும் துணிந்து சொல்லத் தொடங்கினார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பகுதியின் விருந்தோம்பல் ஊரறிந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் தேன்குழலும் வைக்காமல் அனுப்ப மனம் வராது. ஆனால் அந்தப் பலகாரங்கள் தயாராகும் நேரம் முழுவதும், அந்த நூலை நம்மைவிடக் கவனமாகப் படித்திருக்கக்கூடிய ஆச்சி அடுப்படியில் நிற்கிறார். கூட்டம் அவருடைய வீட்டில், பேச்சில் மட்டும் அவருக்கு இடமில்லை என்பது எந்த வகையில் முறை? காபி, முதல் நாளே செய்து வைத்த பலகாரம் ஒன்று, அவ்வளவு போதும். இதைக் கண்டிப்பான விதியாக்கிய வீடுகளில்தான் பெண்கள் தொடர்ந்து கலந்துகொள்கிறார்கள்.

இடத்துக்கு இங்கே பஞ்சமில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என எங்கே சென்றாலும், ஐம்பது பேர் தாராளமாக உட்காரக்கூடிய முகப்பும் (முன்கூடம்) வளவும் (முற்றத்தைச் சுற்றிய கூடம்) உள்ள வீடுகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் திறக்கும் கதவை, வெளியூரில் இருக்கும் பங்காளிகள் மாதம் ஒரு மாலை புத்தகத்துக்காகவும் திறந்துவிடச் சம்மதிக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் உடனிருந்தாலே போதுமானது. உள்கட்டுகளைத் திறக்கத் தேவையே இல்லை.

நூல் கிடைப்பதுதான் உண்மையான சிக்கல். கிளை நூலகத்தில் ஒரு நூலுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு படிகளே இருக்கின்றன. அதை ஒருவர் எடுத்துச் சென்றால் மற்றவர்கள் விலைக்கு வாங்க வேண்டும், அல்லது படிக்காமலேயே வர வேண்டும். படிக்காமல் வருபவர் இரண்டாம் முறை பேசத் தயங்கி, மூன்றாம் முறை வராமலே போய்விடுகிறார். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும் அது செலுத்தப்படுகிறது. அந்தப் பணத்தில் சிறு பங்கைக் கொண்டு, சிவகங்கை மாவட்ட நூலக ஆணைக்குழு ஒரே நூலின் பத்துப் படிகளை ஒரு கட்டாகச் சேர்த்து, பொறுப்பேற்கும் உறுப்பினர் ஒருவரிடம் ஒரு மாதத்துக்கு வழங்கலாம். ஓர் ஊரில் படித்து முடித்த கட்டு அடுத்த ஊருக்குப் போனால், இருபது கட்டுகளைக் கொண்டே பல ஊர்களுக்கு ஈடுகொடுக்க முடியும்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த பல்லாயிரம் நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் மறைந்த பிறகு சென்னைக்குச் சென்று, இன்று ஆய்வாளர்களுக்குப் பெருங்கருவூலமாக விளங்குகின்றன. அவை அங்கே காக்கப்படுவது நமக்குப் பெருமையே. ஆயினும் அப்படியொருவர் வாழ்ந்த மண்ணில், ஒரு நூலைப் பத்துப் பேர் சேர்ந்து படிக்கப் படிகள் கிடைக்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நூலக அலுவலர்கள் இந்தக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும். தாங்களும் நிகழ்ச்சிப் பட்டியலில் பெரிய விழாக்களுக்கு அருகே, இத்தகைய வீட்டுக் கூட்டங்களில் அந்த மாதம் பேசப்படும் நூலின் பெயரையும் ஊரின் பெயரையும் ஒரு வரியில் வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி.