அழித்தாரா, மாற்றிக் கட்டினாரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஐரோப்பிய ராணிகளின் நகைக் கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்தில், டென்மார்க் ராணி மேரி பழைய மாணிக்க செட்டை ‘அழித்து’ தன் ரசனைக்குப் புதிதாகச் செய்துகொண்டார் என்று ஒரு வரி. அதற்கு மேல் படிக்க மனசு வரவில்லை.

நகையை அழிப்பது என்றால் உருக்குவது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. மேரி 2010-ல் செய்தது, மரியான் டுலோங் என்ற டேனிஷ் பொற்கொல்லரிடம் கொடுத்து மாற்றிக் கட்டிக்கொண்டது. வைர இலையும் மாணிக்கக் கனியும் இன்றும் அந்த செட்டின் டியாராவில், அதாவது தலையில் சூடும் நகையில், இருக்கின்றன. அவருக்கு முன்பு ராணி இங்ரிட்டும் அந்த செட்டின் ப்ரூச்சுகளைச் சேர்த்து டியாராவைப் பெரிதாக்கிக்கொண்டவர்தான்.

அப்புறம், ‘மன்னர் பரம்பரை வழியாக வந்த நகை’யாம்! 1804-ல் நெப்போலியன் முடிசூட்டு விழாவுக்காக பெர்னடோட் என்ற பிரெஞ்சுத் தளபதி தன் மனைவி தெசிரேவுக்கு வாங்கியது. அவர்கள் ஸ்வீடனின் ராஜா ராணி ஆனது அதற்குப் பிறகுதான். மாமியார் தெசிரேயிடமிருந்து மருமகள் ஜோசபினாவுக்கு. அவர் பேத்தி லோவிசா 1869-ல் டென்மார்க் இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டபோது, சிவப்பும் வெள்ளையும் அந்த நாட்டுக் கொடியின் நிறம் என்று பேத்திக்கு. பிறகு மருமகள் அலெக்சாண்ட்ரின், அவர் மருமகள் இங்ரிட். அத்தனை மாமியார்களும் கழற்றிக் கொடுத்த நகைக்கு மன்னர் பெயரை ஒட்டுவது என்ன நியாயம்? 2000-த்தில் இறந்த இங்ரிட், பேரன் ஃப்ரெடரிக்குக்கு, அதாவது மேரியின் கணவருக்கு, அதை விட்டுப் போனார். பேரன் கல்யாணம் 2004-ல்தான். வரப்போகிறவள் கழுத்தைப் பார்க்காமலே கொடுத்த பாட்டி அவர்.

டென்மார்க்கின் ரோசன்போர்க் கோட்டையில் இருக்கும் அரச நகைகளோடு இதைச் சேர்த்து எழுதியதும் தப்பு. அவை ராணி சோஃபி மாக்டலேன 1746-ல் உயில் எழுதி அரச பீடத்துக்கு வைத்தவை. ராணி போட்டுக்கொள்ளலாம், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகும் வழக்கமில்லை. மாணிக்க செட் குடும்பத்தின் சொந்தச் சொத்து.

ஒரு வார்த்தைக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் அம்மாவின் கெம்பு அட்டிகையைத் திருகு தேய்ந்துவிட்டதென்று ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். “இதையெல்லாம் இப்ப யாரும்மா போடறாங்க, அழிச்சுப் பண்ணிக்குங்க” என்றார் கவுன்டரில் இருந்தவர். கூட வந்த நாத்தனாரும் ஆமாம் போட்டார். நானும் தலையாட்டிவிட்டேன். என் கண் முன்னாலேயே குறடு வைத்துக் கல்லைக் கழற்றினார். பின்னால் இருந்த அரக்கு கறுப்பாக உதிர்ந்தது. அரக்கு போக, கல் போக, அழுக்கு போக என்று தராசில் நின்றது பாதி எடை. கல்லை ரோஸ் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார்கள். வீட்டில் வந்து எண்ணினால் பதினெட்டு. அட்டிகையில் இருந்தது பத்தொன்பது. பொட்டலம் இன்னும் பீரோவில் இருக்கிறது.

பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் ராணி நகைக்கே காவலில்லை என்பதும் வாஸ்தவம். நார்வே ராணி மாட் அணிந்த முத்து டியாரா 1995-ல் அப்படித்தான் லண்டனில் திருடு போனது. அந்த வீட்டார் இப்போது போட்டுக்கொள்வது அதன் நகல். இதை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை. இடமில்லை போலும். எதிர்ப் பக்கம் முழுக்க ‘பழைய நகையைக் கொடுங்கள், புதுசாக அள்ளுங்கள்’ விளம்பரம் இருந்ததே, அதற்கு இடம் வேண்டாமா?

அடுத்த இதழில் ‘அழித்து’ என்பதை ‘மாற்றிக் கட்டி’ என்று திருத்தி இரண்டு வரி போடுங்கள், போதும். போன வருஷம் நான் எழுதிய கடிதத்தை நாலு வரியாக வெட்டி, ஊரையும் கோயம்புத்தூர் ஆக்கிவிட்டீர்கள். இந்தத் தடவை வெட்டினாலும் சரி, ஊரையாவது ஒழுங்காகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
கும்பகோணம்