பழைய நெகட்டிவைத் தண்ணீரில் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்வதற்கான குறிப்புகள் வந்திருந்தன. அதில் ஒரு சகோதரி, பழைய போட்டோக்களை ஷாம்பு கலந்த ஈரத்துணியால் துடைக்கலாம், நெகட்டிவ்களைச் சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்துக் கழுவி ஸ்கேன் செய்தால் பளிச்சென்று வரும் என்று எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் அது தவறு என்று சொல்லவே இந்தக் கடிதம்.

புதன்கிழமை காலை எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் எவர்சில்வர் தட்டோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். தட்டில் இரண்டு நெகட்டிவ். அவருடைய அம்மா 1979இல் இறந்துபோனவர். அம்மாவும் கைக்குழந்தையாக இவரும் இருக்கும் படங்கள் அந்த இரண்டு மட்டும்தான். பிரிண்ட் எப்போதோ தொலைந்துவிட்டது. குறிப்பைப் படித்துவிட்டு, ஒன்றை மட்டும் சோப்புத் தண்ணீரில் போட்டிருக்கிறார். “அண்ணே, இதுல அம்மா முகத்தக் காணோம்ணே” என்றார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்னால் தொங்கிய ஸ்டூடியோ திரை இருந்தது, குழந்தையின் கால் இருந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் பிலிம். பாலாடை போல ஒரு படலம் தட்டின் ஓரத்தில் சுருண்டு கிடந்தது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு 1974இல் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் டார்க் ரூம் (பிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் இருட்டறை) பையனாகச் சேர்ந்தவன். 35 ஆண்டுகள் அதே வேலை. அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நெகட்டிவில் பளபளப்பான பக்கம் பிளாஸ்டிக் பக்கம், அதில் படம் இல்லை. மங்கலாக இருக்கும் பக்கத்தில்தான் படம் இருக்கிறது. அங்கே மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் படலம் பூசியிருக்கும். கருப்பு வெள்ளை நெகட்டிவில் அதற்குள்தான் படமாக வெள்ளித் துகள்கள் இருக்கின்றன. கருப்பு வெள்ளை பிரிண்டிலும் காகிதத்தின் மேல் இதே ஜெலட்டின்தான். தண்ணீர் பட்டால் ஜெலட்டின் உப்பும். புது நெகட்டிவ் அதைத் தாங்கும். ஹைப்போவிலிருந்து (படத்தை நிலைக்க வைக்கும் மருந்துக் கரைசல்) எடுத்து அரை மணி நேரம் ஓடும் தண்ணீரில் நாங்களே கழுவியிருக்கிறோம். அந்தச் சகோதரியின் வீட்டு நெகட்டிவ்கள் நல்ல நிலையில் இருந்திருக்கும், அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பூஞ்சை பிடித்த நெகட்டிவ் வேறு. பூஞ்சைக்கு ஜெலட்டின்தான் தீனி. அது தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் பொருளாக மாறிவிடுகிறது. கண்ணுக்குச் சிலந்தி நூல் போல நாலு வெள்ளைக் கோடுதான் தெரியும், தண்ணீர் பட்டதும் படத்தோடு வழிந்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் அலமாரித் துணியே பூத்துப்போகிற எங்கள் காவிரிக் கரை ஊர்களில், நாற்பது ஐம்பது ஆண்டு கிடந்த நெகட்டிவில் பூஞ்சை இல்லாமல் நான் பார்த்தது மிகக் குறைவு.

சரி, தூசியை எப்படித்தான் எடுப்பது? மழை இல்லாத நாளாகப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு (தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு தொடவே கூடாது) நெகட்டிவின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் ப்ளோயரால் காற்றடியுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், அந்தப் புள்ளி போகாது. அப்புறம் புதிதாக வாங்கிய மென்மையான வாட்டர் கலர் பிரஷ்ஷால் மேலாகத் தள்ளுங்கள். முக்கால்வாசித் தூசி இதிலேயே போய்விடும். பளபளப்பான பக்கத்தில் கைரேகை இருந்தால் மட்டும், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் துளி தொட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். முதலில் படம் இல்லாத ஓரத்தில் செய்து பார்க்க வேண்டும், பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. 70 சதவீதம் என்று விற்பது வேண்டாம், மீதி தண்ணீர்தானே. மங்கலான பக்கத்தை விட்டுவிடுங்கள்.

மங்கலான பக்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கல்யாணப் படம், பெண் பார்க்க அனுப்பும் படம் எல்லாம் பெரிய நெகட்டிவில் எடுப்போம். அதன் மேல் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து முகத்தைச் சீராக்குவதற்கு டச்சிங் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அப்படி ஒரு நெகட்டிவைப் பென்சில் அழுக்கு என்று நினைத்து நான் பஞ்சால் துடைத்துவிட்டேன். பிரிண்ட் போட்டால், அந்தப் பெண்ணின் கன்னத்திலிருந்த அம்மைத் தழும்புகள் அத்தனையும் திரும்பி வந்து நின்றன. மறுநாள் காலையில் படம் கொடுத்தாக வேண்டும். முதலாளி என்னைத் திட்டவில்லை. டச்சிங் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து இரவு இரண்டு மணி வரை மறுபடி பென்சில் பிடித்தார், நான் பக்கத்தில் நின்றேன். உங்கள் வீட்டில் பெரிய நெகட்டிவ் இருந்தால், முகத்தின் மேல் சாம்பல் நிறப் பூச்சு தெரிந்தால், அது ஒருவருடைய கைவேலை. தயவுசெய்து துடைக்காதீர்கள்.

பிரிண்டுகளிலும் அழுக்கு போலத் தெரிவதெல்லாம் அழுக்கு அல்ல. ஓரங்களில் நீலம் கலந்து மினுமினுப்பது படத்தின் வெள்ளியே மேலே வந்து நிற்பது. ரப்பரால் தேய்த்தால் படம்தான் குறையும். பழுப்புக் கறை பல சமயம் ஹைப்போ சரியாகக் கழுவப்படாததால் வருவது, எந்தத் துணிக்கும் போகாது. ஊட்டியில் தயாரான ‘இந்து’ (INDU) என்ற போட்டோ பேப்பர் போன்ற புரோமைடு பேப்பர்களில் பிரிண்ட் போட்டு, கிளேசிங் மெஷினில் ஒட்டிக் காயவைத்துப் பளபளப்பு ஏற்றுவோம். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அந்த இடம் மங்கிவிடும். கன்னத்திலும் புடவையிலும் கையால் வண்ணம் தீட்டிய படங்களில் ஈரம் பட்டால் வண்ணமே துணிக்கு வந்துவிடலாம். பின்பக்கம் தாத்தா மசியில் எழுதிய பெயரும் தேதியும் இருந்தால் அதையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

சாமி அறையில் மாட்டிய படங்கள் பெரும்பாலும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு வெளியே இருக்கும் சந்தனம் குங்குமத்தை மட்டும் லேசாக ஈரமான துணியால் துடைத்து, துணி ஈரம் சட்டத்துக்குள் இறங்காமல் பார்த்து, கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யலாம். பசை ஆல்பத்தில் ஒட்டிய படங்களுக்கு, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்தெடுக்கலாம். வரவில்லை என்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் வேலை பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. என் பேரன்தான் செய்கிறான். பிரிண்டுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), நெகட்டிவுக்கு 3200 வைக்கிறான். கருப்பு வெள்ளை நெகட்டிவுக்குத் தானாகத் தூசி நீக்கும் இன்ஃப்ராரெட் வசதியை அணைத்துவிட வேண்டும். வெள்ளித் துகள் அந்த ஒளியை மறைப்பதால், படத்தையே தூசி என்று நினைத்து அழித்துவிடும். மிச்சத் தூசியைக் கணினியில் எடுத்துக்கொள்ளலாம், அங்கே தவறினால் திரும்ப வரலாம். கடையில் கொடுத்தால் துடைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

தண்ணீர் படாத இன்னொரு நெகட்டிவை அன்றே நாங்கள் வெறும் காற்றடித்து ஸ்கேன் செய்தோம். பூஞ்சைக் கோடுகள் இருக்கின்றன. அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்துக் குனிந்திருக்கிறார். பாதி முகம்தான் தெரிகிறது. அந்தப் பெண் அதைத் தன் கைப்பேசியில் வாங்கிக்கொண்டு, வெகு நேரம் எதுவும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

ஐயா, அடுத்த வாரம் போகி. பெட்டி பெட்டியாக நெகட்டிவ்கள் பரணிலிருந்து கீழே இறங்கும் நேரம். சில தண்ணீரில் விழும், சில நெருப்பில் விழும். அதே இணைப்பிதழில், அதே பக்கத்தில், போகிக்கு முன்னால் இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய டார்க் ரூம் தொழிலாளி ஒருவர்,
கும்பகோணம்.