சமையல் புதினாவுக்குப் பதில் மெந்தால் புதினா அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
இணையவழி நாற்று விற்பனை நிறுவனம்.

ஐயா,

'சமையல் புதினா – மெந்தா ஸ்பிகேட்டா, சட்னிக்கும் பிரியாணிக்கும் ஏற்றது' என்று உங்கள் தளத்தில் விற்ற நாற்றுகளை வாங்கினேன். பழுதில்லாமல் வந்தன, தொட்டி நிறையப் படர்ந்தும்விட்டன. ஆனால், அவை நான் கேட்ட செடி அல்ல.

துவையல் அரைத்த அன்றே சந்தேகம் எழுந்தது. தொண்டைவரை சில்லென்று ஏறிப் பிறகு கசந்தது. தலைவலித் தைலம் கலந்ததுபோல் இருக்கிறது என்று மாமியார் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். பூத்ததும் சந்தேகம் தீர்ந்தது. ஸ்பிகேட்டா தண்டின் நுனியில் கதிராகப் பூக்கும். இலை ஏறக்குறையக் காம்பில்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும். உங்கள் செடியிலோ இலைக்காம்பு தெளிவாகத் தெரிகிறது. நுனியில் வெறும் இலைதான். அதற்குக் கீழே கணுவுக்குக் கணு, இலைக்கக்கத்தில், வெளிர் ஊதாப் பூக்கள் தண்டைச் சுற்றிக் கொத்தாக நிற்கின்றன. இது மெந்தா ஆர்வென்சிஸ். உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கிப் பக்கம் எண்ணெய்க்காகப் பயிரிடுகிறார்களே, அந்த மெந்தால் புதினா.

"இரண்டும் ஒரே குடும்பம்தான்" என்று உங்கள் ஊழியர் பதில் எழுதினார். துளசியும் அதே குடும்பம்தான், அதையும் அனுப்பியிருப்பீர்களா? ஸ்பிகேட்டாவுக்கு மணம் தருவது கார்வோன் என்ற வேதிப்பொருள். சில்லென்ற உணர்வைத் தரும் மெந்தால் அதில் மிகக் குறைவு. ஆர்வென்சிஸ் எண்ணெயிலோ 70 முதல் 80 விழுக்காடு வரை மெந்தால். வலித்தைலத்துக்கும் இருமல் மிட்டாய்க்கும் போக வேண்டிய சரக்கு அது. மண்ணும் வெயிலும் சுவையை மாற்றும் என்று இன்னொரு சமாதானமும் சொன்னார். மாற்றட்டும், நுனியில் பூக்க வேண்டியதைக் கணுவுக்கு இறக்குமா?

புதினாவைத் தண்டு வெட்டித்தான் பெருக்குகிறீர்கள். தாய்ச்செடி மாறியிருந்தால் அதிலிருந்து எடுத்த கன்று அத்தனையும் மாறியிருக்கும். என்னைப்போல் வேறு பலருக்கும் இதே செடி போயிருக்கும் என்பதால், முதலில் அந்தப் பாத்தியைச் சோதியுங்கள்; அதுவரை விற்பனையை நிறுத்துங்கள்.

எனக்கு உண்மையான ஸ்பிகேட்டா நாற்றுகளை அனுப்ப வேண்டும், அல்லது முழுத்தொகையையும் திருப்பித் தர வேண்டும். பழைய செடிகள் வேண்டுமென்றால் உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளலாம். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன். பூவும் காம்பும் தெரியும் படங்களையும் ரசீதையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், மதுரை.